தாது வருசத்துக் கணக்கு

பஞ்சம் ‘வந்தது’ என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஏதோ வெளியூர்ச் சொந்தக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து திண்ணையில் இறங்கியது மாதிரி. வானம் பொய்த்தது, பூமி காய்ந்தது, சனங்கள் செத்தார்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு மூன்று வரி. யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள், பிழைத்தவன் எதை வைத்துப் பிழைத்தான், செத்தவனுடைய வேலையும் குடிசையும் யார் கைக்குப் போனது என்பதெல்லாம் அந்த மூன்று வரிக்குள் அடங்காது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் சுனாமிக்கும் இன்றைக்கும் அதே மூன்று வரிதான். இயற்கைச் சீற்றம் என்று சொல்லிவிட்டால் யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை பாருங்கள்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது பஞ்ச இலக்கியம் என்று ஒரு வகை உண்டு என்று போகிற போக்கில் வகுப்பில் சொன்னார்கள். தேடிப் படித்தேன். தாது வருசப் பஞ்சத்தைப் பற்றி சிவகங்கை வில்லியப்ப பிள்ளை பாடிய ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ கிடைத்தது. மதுரைச் சொக்கநாதரே தன்னால் ஆகாது என்று சிவகங்கை ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதுவதாகக் கற்பனை. நையாண்டி நன்றாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கடவுளும் ஜமீன்தாரும் கடிதம் எழுதிக்கொள்கிற போக்குவரத்தில் சேரிக்காரனுக்கு என்ன வேலை? அந்தக் கோயிலுக்குள் அன்றைக்கு அவன் காலெடுத்து வைக்கவே முடியாது. அந்தச் சாமி அவன் பசியைப் பார்த்திருக்க நியாயமில்லை.

எனக்குத் தாது வருசம் தெரிந்தது எங்க ஆயா வாயிலாகத்தான். ஆயாவுக்கு அவங்க ஆயா சொன்னது. அந்தக் கிழவி பஞ்சத்தின்போது ஆறேழு வயசுப் பிள்ளை. மதுராந்தகம் பக்கம், மிராசுதார் ஊர். புளியங்கொட்டையை இடிச்சு மாவாக்கித் தின்னது, பனங்குருத்தை வெட்டித் தின்னது, எறும்புப் புத்தைத் தோண்டி எறும்பு சேர்த்து வெச்ச தானியத்தை மண்ணோடு அள்ளிச் சலிச்சது எல்லாம் ஆயா சொல்லும். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கதைகள்தான். ஆனால் ஒன்று சொல்லும்: “நம்ம சனத்துக்குப் பஞ்சம் மழ நின்னப்ப வரலடீ. படி நின்னப்ப வந்துது.”

படி என்றால் படியாளுக்கு அளக்கிற படி. பண்ணையில் வேலை செய்கிறவனுக்குக் காசு கிடையாது, நாளுக்கு இவ்வளவு தானியம், அறுப்பில் இவ்வளவு, களத்தில் கூட்டிப் பெருக்கியது இவ்வளவு. அவன் குடியிருக்கிற மனைக்கட்டும் மிராசுதாருடையது. 1843-ல் சட்டம் போட்டு அடிமை முறையை ஒழித்துவிட்டதாக வெள்ளைக்காரன் சொல்லிக்கொண்டான். ஊரில் நடப்பு மாறவில்லை. கடன் பத்திரம் அடிமை ஓலையின் இடத்தில் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். மழை பெய்கிற வருசத்தில் படியாளைக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும், விட்டால் வேறு பண்ணைக்குப் போய்விடுவான். மழை இல்லாத வருசத்தில் அவன் வெறும் வயிறு. அவிழ்த்து விட்டார்கள். மாட்டையாவது அடிமாட்டுக்கு விற்கலாம். மிராசுதாரின் குதிரில் நெல் இருந்தபோதே சேரியில் அடுப்பு அணைந்துவிட்டது.

1981-ல் அமர்த்தியா சென் வறுமையையும் பஞ்சங்களையும் பற்றி எழுதிய நூலில், நாட்டில் தானியம் குறைவதைவிட அதைப் பெறுகிற வழி சனங்களுக்கு அறுந்து போவதுதான் பஞ்சம் என்று விரிவாக நிறுவினார். எங்க ஆயா சென்னைப் படித்ததில்லை.

*

மழை பொய்த்தது நிசம். 1876-ல் தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டது, வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. 1877-லும் சரியாக இல்லை. பசிபிக் கடல் சூடேறி உலகத்தின் மழைப் போக்கையே கலைத்துப் போடுகிற எல் நினோ என்கிற நிகழ்வு அந்த ஆண்டுகளில் மிகக் கடுமையாக இருந்தது என்று இன்றைக்கு விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் அதே காலத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதுவரைக்கும் இயற்கை. அதற்கு மேல் நடந்தது எல்லாம் மனுசன் செய்தது.

சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலை மலையாகக் குவிந்து கிடந்தன. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. ரயில் இருந்தது, தானியம் உள்நாட்டுக்குப் போனது. ஆனால் ரயில் போன ஊரில் விலை இறங்கவில்லை. வியாபாரி இன்னும் ஏறட்டும் என்று வைத்துக்கொண்டான். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு அந்தப் பஞ்ச காலத்திலேயே 3 லட்சத்து 20 ஆயிரம் டன் கோதுமை கப்பலேறியது. சந்தையில் அரசாங்கம் கை வைக்கக்கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் வேதவாக்கு. சென்னை கவர்னர் பக்கிங்காம் கோமகனின் அரசாங்கம் ஒரு கம்பெனி மூலம் 30 ஆயிரம் டன் தானியத்தை முன்கூட்டியே சத்தமில்லாமல் வாங்கி வைத்தது. அதற்காக மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது. 1877 சனவரி 1-ந் தேதி தில்லியில் தர்பார். விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்கிறார்கள், ராசாக்களுக்கும் அதிகாரிகளுக்கும் நாள் கணக்கில் விருந்து. இங்கே எறும்புப் புற்று.

தர்பார் முடிந்த கையோடு லிட்டன் சென்னைக்கு ஓர் ஆளை அனுப்பினார். சர் ரிச்சர்ட் டெம்பிள். இந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள்தான் அங்கே பொறுப்பு. பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன் அரிசியை இறக்கினார், தாராளமாகக் கொடுத்தார். சாவு மிகக் குறைவு. இந்தியாவை வெள்ளையர் ஆண்ட காலத்தில் பஞ்சத்தை ஒழுங்காகச் சமாளித்தது என்று ஒன்றைக் காட்ட வேண்டுமானால் அதைத்தான் காட்ட முடியும். அதற்குப் பரிசாக லண்டன் பத்திரிகைகளும் மேலதிகாரிகளும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஊதாரி, பணத்தை வாரி இறைத்தவன், சோம்பேறிகளை உருவாக்கியவன். மனுசன் பாடம் கற்றுக்கொண்டார். சனங்களைக் காப்பாற்றினால் பதவி உயர்வு கிடைக்காது, பணத்தைக் காப்பாற்றினால் கிடைக்கும் என்கிற பாடம். ஆகவே, பஞ்சத்தில் எப்படி உயிரைக் காப்பது என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெரியும். மூன்றே வருசம் முன்னால் செய்து காட்டியிருக்கிறார்கள், அதே ஆளை வைத்து.

சென்னைக்கு வந்த டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியை வெட்டினார். நாள் முழுக்க வெயிலில் மண் சுமக்கிற, கல் உடைக்கிற ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம் சுமார், மேலே உப்பு புளிக்குக் கொஞ்சம் சில்லறை. பொம்பளைக்கு அதைவிடக் குறைவு. அதற்கு முன்னால் சென்னை அரசாங்கம் கொடுத்து வந்தது ஒன்றரைப் பவுண்டு. சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கொதித்தெழுந்து எதிர்த்தார். இந்த அளவைக் கொடுத்தால் வேலை செய்கிறவன் செத்துப்போவான், நம்ம செயிலில் உட்கார்ந்திருக்கிற கைதிக்கே இதைவிட அதிகம் போடுகிறோமே என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மாசக் கணக்கில் இருவருக்கும் எழுத்துச் சண்டை. ஒரு மனுச உடம்பு எவ்வளவு குறைவாகத் தின்று உயிரோடிருக்கும் என்பதை ஃபைலில் எழுதி எழுதி விவாதித்தார்கள். முகாம்களிலிருந்து சாவு எண்ணிக்கை வந்தது. பிறகுதான் கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள்.

1877 ஆகஸ்டு கடைசியில் லிட்டன் நேரில் வந்து சென்னை நிவாரண முகாம்களைப் பார்த்தார். பொழுதுபோக்கு விருந்து மாதிரி இருக்கிறது என்று பெண்சாதிக்குக் கடிதம் எழுதினார். கவிஞர் வேறு அவர்.

அப்போது சென்னை மாகாணத்தில் 20 லட்சத்துக்கும் மேலான சனங்கள் ஏதோ ஒரு வகையில் நிவாரணத்தை நம்பி இருந்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் ஒரே கணக்கு இல்லை. இந்தியா முழுமைக்கும் 55 லட்சம் என்றவர்களும் உண்டு, 80 லட்சத்துக்கு மேல் என்றவர்களும் உண்டு. சென்னை மாகாணத்தின் மக்கள் தொகை 1871-ல் சுமார் 3 கோடியே 12 லட்சம். பத்து வருசம் கழித்து எண்ணிப் பார்த்தால் அதைவிடக் குறைவு. பத்து வருசப் பிறப்பு எல்லாம் எங்கே போனது?

*

நிவாரணம் சேரிக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். வேலை கேட்கிறவன் நிசமாகவே பட்டினிதானா என்று கண்டுபிடிக்க தூரச் சோதனை என்று ஒன்று வைத்தார்கள். வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள முகாமுக்கு நடந்து வந்து அங்கேயே தங்கினால்தான் வேலை. நடக்கிற தெம்பு உள்ளவனுக்குத்தான் பட்டினி நிவாரணம் என்று ஆயிற்று. முகாமில் நெருக்கம், காலரா.

நடக்க முடியாதவர்களுக்கு ஊரிலேயே உதவி. அது யார் மூலம்? மணியக்காரர், கர்ணம். பட்டியலில் யார் பெயரை எழுதுவது, யார் பெயரை விடுவது என்பது கர்ணத்தின் எழுத்தாணியில் இருந்தது. கர்ணம் சேரிக்குள் வந்து எட்டிப் பார்ப்பானா? சேரிக்காரன் அக்கிரகாரத்துக்குள், ஊர்த்தெருவுக்குள் போய் என் பேரையும் எழுதுங்க சாமி என்று கேட்க முடியுமா? தெரு முனையில் நின்று கூவ வேண்டும், அவர் காதில் விழுந்தால் உண்டு. முகாமில் ஆக்கிப் போடுகிற சோற்றைத் தொட மாட்டோம், சாதி கெட்டுவிடும் என்று மேல்சாதிக்காரர்கள் சொன்னபோது அரசாங்கம் அதைப் பெரிய பண்பாட்டுப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. மானம் மரியாதையுள்ள குடும்பத்தார் வெளியே வரக் கூச்சப்படுவார்கள் என்று வீட்டுக்கே காசு போவதற்கு வழி செய்தார்கள். கூச்சம் என்பதற்குக்கூட சாதி வேண்டியிருந்தது. எங்க சனம் கஞ்சித்தொட்டி வாசலில் மண்சட்டியோடு நின்றது.

(கஞ்சித்தொட்டி என்ற சொல்லே சென்னையில் இதற்கு முந்தைய பஞ்சத்தின் மிச்சம். 1782-ல் பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைக் கிழங்கட்டைகள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.)

அடுத்தது வரி. வெள்ளாமை இல்லாவிட்டால் பட்டாதாருக்கு நிலவரி வஜா கிடைக்க வழி உண்டு. முழுக்கக் கிடைத்ததா, இழுத்தடித்தார்களா என்பது வேற கதை. பட்டா உள்ளவனுக்குத்தான் வஜா. அந்த நிலத்தில் ஏர் ஓட்டுகிறவனுக்கு அது கிடையாது, ஏனென்றால் அவன் வரி கட்டுகிறவன் இல்லை. வித்து வாங்க, மாடு வாங்கக் கடன், தருமம் என்று வந்ததும் அப்படித்தான். இங்கிலாந்தில் மான்ஷன் ஹவுஸ் நிதி என்று சனங்களிடம் வசூல் செய்து பெருந்தொகை அனுப்பினார்கள். அங்கே உள்ள ஏழை உழைப்பாளிகளும் கொடுத்த காசு அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே வந்து சேர்ந்தபின் அதில் பெரும் பங்கு விவசாயிகள் மறுபடி தொழில் தொடங்க மாட்டுக்கும் விதைக்கும் போனது. மாடு வைத்திருந்து இழந்தவன் மாட்டுக்குக் காசு வாங்கினான். மாடே வைத்திராதவன் எதை இழந்தான் என்று எழுதுவது?

இந்த முடிச்சைத்தான் நான் அவிழ்க்கப் பார்க்கிறேன். அரசாங்கம் இழப்பை அளக்கிற கோலே சொத்து. சொத்து இல்லாதவனுக்கு அந்தக் கோலில் இழப்பே காட்டாது. பஞ்சம் முடிந்தபோது பட்டாதார் இரண்டு மாடு குறைந்த பட்டாதாராக இருந்தார். படியாள் முன்னைவிடப் பெரிய கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்து அதே பண்ணைக்குத் திரும்பினான், அல்லது ஊரை விட்டே போனான்.

எதிர்ப்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பம்பாய் மாகாணத்தில் டெம்பிள் கூலியை ஏற்க மாட்டோம் என்று லட்சத்துக்கும் மேலான கூலிக்காரர்கள் நிவாரண வேலையை விட்டு வெளியேறினார்கள். பட்டினி கிடந்தவர்கள் செய்த வேலைநிறுத்தம் அது. பூனா சார்வஜனிக் சபை அவர்களுக்காக மனு எழுதியது. 1877 ஏப்ரலில் சாவித்திரிபாய் பூலே ஜுன்னர் பக்கம் ஓதூரிலிருந்து சோதிபாவுக்கு எழுதிய கடிதத்தில் பஞ்சத்தின் கோலத்தையும், சத்யசோதக் தொண்டர்கள் செய்த வேலையையும், அதிகாரிகளோடு ஏற்பட்ட மோதலையும் சொல்கிறார். பட்டினிக் குழந்தைகளுக்காகப் பூலே தம்பதியர் முகாம் நடத்தினார்கள். நம்முடைய பாடத்திட்டத்தில் லிட்டனின் தர்பார் இருக்கிறது, அந்தக் கடிதத்தை நான் வகுப்பில் படித்ததில்லை.

*

சென்னையில் இருக்கிறவர்கள் தினமும் தாது வருசத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். கூவத்துக்கும் அடையாறுக்கும் இடையில் 8 கிலோமீட்டர் கால்வாய் 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அரைவயிற்றுக் கூலிக்கு வெட்டியது. வெட்டியவர்களின் பேரா வைப்பார்கள்? கவர்னர் பேரை வைத்தார்கள், பக்கிங்காம் கால்வாய். பிற்காலத்தில் அந்தக் கால்வாயின் நடுவிலேயே தூண்களை நட்டு பறக்கும் ரயிலை விட்டது அரசாங்கம். ரயில் ஆக்கிரமிப்பு ஆகாது. கரையில் குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளன். 2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்துவிட்டு நகரமே மூழ்கியது. ஏரிகளையும் சதுப்பு நிலத்தையும் அடைத்து கட்டடம் கட்டியவர்கள், கட்ட அனுமதி கொடுத்தவர்கள் எல்லாம் பத்திரமாக இருந்தார்கள். குப்பை அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை லாரியில் ஏற்றி வந்தார்கள், அவர்கள் என்ன சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்து பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம், மழைக்கு அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. 2022 மே மாதம் ராசா அண்ணாமலைபுரத்தில் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தபோது அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார்.

பஞ்சம் தந்த இன்னொரு பாதை இலங்கைக்கு. 1877-ல் மட்டும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ராமநாதபுரம் கரையிலிருந்து தோணி ஏறினார்கள். அக்கரையில் காட்டு வழியே பல நாள் நடை, வழியிலேயே விழுந்து செத்தவர்கள் ஏராளம். கங்காணியிடம் வாங்கிய கடன் கழுத்தில். போய்ச் சேர்ந்த காப்பித் தோட்டத்தை இலை நோய் ஏற்கெனவே பிடித்திருந்தது, சில வருசத்தில் காப்பியே அழிந்து தேயிலை வந்தது. லயத்துக் காம்பிராவில் பிறந்து லயத்துக் காம்பிராவில் செத்த தலைமுறைகளுக்கு அந்த மலையில் ஒரு முழம் மண் சொந்தமாகவில்லை. 1948-ல் குடியுரிமையும் போயிற்று. 1964-ல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து ஐந்தே கால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். 2014 அக்டோபர் 29-ல் பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் சரியும் என்று அதற்குப் பல வருசம் முன்பே எச்சரித்திருந்தார்கள். எழுந்து போகச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது என்று சொல்லவில்லை.

இதெல்லாம் நடக்காமல் இருக்க இனி ஏற்பாடு என்று தாது வருசத்துக்குப் பிறகு ஒரு கமிஷன், 1880-ல் அறிக்கை, 1883-ல் பஞ்சச் சட்டத் தொகுப்பு. வருசத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்பு நிதி என்று புது வரியும் போட்டார்கள். அந்தப் பணம் ஆப்கானிஸ்தான் யுத்தத்துக்குத் திருப்பி விடப்பட்டது. நிவாரண நிதியை வேறு செலவுக்குத் திருப்புவது நம் காலத்து அரசியல்வாதிகள் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தால் அந்தப் பெருமையும் லிட்டனுக்குத்தான்.

உருப்படியான காரியம் ஒன்று 1891-ல் நடந்தது. செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமன்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லை, குடியிருக்கிற மனைகூட மிராசுதாருடையது, தரிசைக் கேட்டு மனுப் போட்டால் மிராசுதார் குறுக்கே விழுந்து தடுக்கிறார் என்று எழுதினார். நோய் எங்கே என்று விரல் வைத்துக் காட்டியவர் அந்த ஒரு வெள்ளைக்காரர்தான் என்று எனக்குத் தோன்றும். 1892-ல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமர்களுக்குக் கொடுத்த நிலத்தைப் பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அதன்பின்னும் பஞ்சமர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது. விற்றார்கள். வறட்சி ஒரு வருசம், கல்யாணம் ஒரு வருசம், வெள்ளம் ஒரு வருசம். ஒவ்வொரு இடரும் கால் காணி, அரைக் காணியாகக் கொண்டுபோனது. சட்டப்படி செல்லாத விற்பனையைப் பதிவு செய்து கொடுக்க ஆபீஸ் தயாராக இருந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள்.

*

2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டில் சுமார் 8 ஆயிரம் பேர் செத்ததில் 6 ஆயிரம் பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். மீனவர்கள் பட்டது கண்ணால் பார்க்க முடியாத துயரம், அதில் எதையும் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் சுனாமியால் பாதிக்கப்பட்டவர் என்றாலே மீனவர் என்று கோப்பில் முடிவானது. கடலோரத்தில் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்கள், மீன் சுமந்து விற்ற தலித் பெண்கள், உப்பு ஏறிப்போன வயலில் நடவு வேலையை நம்பியிருந்தவர்கள் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றார்கள். படகு போனவனுக்குப் படகு. படகு இல்லாதவனுக்கு? முகாம்களில் தலித் மக்களைச் சேர்க்க மறுத்ததும், ஒரே தண்ணீர்த் தொட்டியில் பிடிக்க விடாததும் அன்றைக்கே மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் வந்தது. அலை சாதி பார்க்கவில்லை என்று மேடையில் பேசினார்கள். சாதி பார்த்தது அலைக்குப் பிறகு வந்த லாரி.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கரையேறியது. பத்து நாள் கழித்து நாங்கள் ஏழெட்டுப் பேர் வேதாரண்யம் பக்கம் சேரிகளில் கணக்கெடுக்கப் போனோம். தென்னை எல்லாம் தலைகீழாகக் கிடந்தது. அரசாங்கம் ஒரு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 என்று அறிவித்திருந்தது. மரம் வைத்திருந்தவருக்கு அது போதாதுதான், அவரும் கண்ணீர் விட்டார். ஆனால் அந்த மரத்தில் ஏறித் தேங்காய் பறித்தவன், மட்டை உரித்தவன், விழுந்த மட்டையைத் தண்ணீரில் ஊறப் போட்டுக் கீற்று முடைந்த பெண்கள் — ஒரு தோப்பு எத்தனை குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றியது! புதுக் கன்று வைத்து அது காய்க்க ஐந்தாறு வருசம் ஆகும். பட்டாதாருக்குப் போனது மரம். இவர்களுக்குப் போனது ஐந்தாறு வருசத்துக் கூலி.

வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவர்கள் நிலையும் அதுதான். சிட்டா, அடங்கல் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் இழப்பீடு. குத்தகைக்காரன் பேர் அடங்கலில் ஏறினால் நாளைக்கு நிலத்தில் உரிமை கேட்பான் என்று உடையவர் ஏற விடுவதில்லை. விதை போட்டவன் வாங்கிய கடன் அவன் தலையில், வெள்ளாமைக்கு வந்த பணம் உடையவர் வங்கிக் கணக்கில். புறம்போக்கில் இருந்த குடிசைகளுக்கு மனைப் பட்டா எங்கே என்று கேட்டுச் சில இடங்களில் பேரையே எழுதாமல் விட்டிருந்தார்கள்.

ஒரு ஊரில் கீற்று முடைகிற ஒரு அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். அந்த ஊர் அதிகாரி வந்து போனாரா என்று கேட்டேன்.

“வந்தாரு. உனக்கு எத்தன மரம்னு கேட்டாரு. எனக்கு ஏதுங்கய்யா மரம்னேன். ஆடு மாடு இருக்கான்னாரு. ஒரு ஆடு இருந்துச்சு, செத்துப் போச்சுன்னேன். செத்த ஆட்டப் போட்டோ எடுத்தியான்னாரு.”

“எடுத்தீங்களாம்மா?”

“நீ வேற. எங்கிட்ட போனு எது? அன்னிக்கே பள்ளம் தோண்டிப் பொதச்சாச்சு. சரி ஒனக்கு ஒன்னும் சேதமில்லன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.”

நாங்கள் அச்சடித்துக் கொண்டு போன படிவத்திலும் வீடு, மரம், பயிர், கால்நடை, படகு என்றுதான் கட்டங்கள் இருந்தன. அரசாங்கப் படிவத்தைப் பார்த்து அடித்தது. அன்று ராத்திரி பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து, பேனாவால் ஒவ்வொரு தாளிலும் ஒரு கோடு இழுத்து ஆறாவது கட்டம் ஒன்று போட்டோம். புயலுக்கு முந்தின மாசம் என்ன வேலை, யாரிடம், எத்தனை நாள், எவ்வளவு கூலி. மறுநாளிலிருந்து அதைக் கேட்டு எழுதினோம். முதலில் யாருக்கும் பிடிபடவில்லை, அதெல்லாம் எதுக்கு என்றார்கள். பிறகு பெண்கள் விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார்கள். கீற்று இத்தனை நாள், நடவு இத்தனை நாள், உப்பளம் இத்தனை நாள், முதலாளி வைத்திருக்கிற பாக்கி இவ்வளவு. மூன்று ஊரில் 214 வீடு எழுதினோம். கட்டி எடுத்துக்கொண்டு போய் ஆபீசில் கொடுத்தபோது, அங்கே இருந்தவர் முதல் ஐந்து கட்டத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு, ஆறாவதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று எங்களையே கேட்டார். வேலை என்று போடுங்கள் என்றோம். அப்படி ஒரு தலைப்பு இல்லை என்றார்.